நாய்க்கல்லுக்குப் பூ வைத்தவள்

மதாம் தோட்டத்துப் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்களைக் கேட்டால், கன்னியம்மாளைப் போல் பக்தியுள்ளவளைப் பார்க்க முடியாது என்பார்கள். பூங்காவின் வடமேற்கு மூலையில், பன்னீர் மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, தோட்டத்தம்மன் என்று பெயரும் வைத்தாயிற்று. பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மரக்கிளையில் மஞ்சள் துணியால் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். வாசலிலிருந்து பெருக்கிக்கொண்டே வரும் கன்னியம்மாள் அந்த மூலை வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவாள். கல்லைச் சுற்றி நாலு பக்கமும் விளக்குமாறு போடமாட்டாள். குனிந்து கையாலேயே சருகு பொறுக்குவாள். அதைப் பார்த்துவிட்டு, வாங்குகிற சம்பளத்துக்கு இவ்வளவு சிரத்தை யாருக்கு வரும் என்று நடைபயிற்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

உண்மையில் கன்னியம்மாளுக்கு அந்த அம்மன் மேல் ஒரு நம்பிக்கையும் கிடையாது. அது நாய்க்கல். பூங்காவுக்குள் இருக்கும் பழைய பங்களாவில் கடைசியாக இருந்த பிரெஞ்சுக்கார மதாம் வளர்த்த பிஜூ என்கிற வெள்ளை நாய் செத்தபோது, அந்த அம்மாள் கல்தச்சரை வரவழைத்து, பெயர் வெட்டி நட்ட கல். எழுத்தெல்லாம் மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது. ஊரில் இதை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது கன்னியம்மாளும் அவள் புருஷன் பக்கிரியும்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் பூங்காவுக்கே வருவதில்லை.

அவள் செருப்பைக் கழற்றுவது நாய்க்காகவும் இல்லை. அந்தக் கல்லாண்டதான் அவள் பெற்ற முதல் பெண் குழந்தை மண்ணுக்குள் இருந்தது. எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் நாலு பக்கமும் செருப்பில்லாமல் நடந்தாள்.

பூங்கா வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை இருக்கிறது. கப்பலில் துணியும் நீலச்சாயமும் ஏற்றிச் சம்பாதித்த ஒரு பிரெஞ்சுப் பிரபு இந்த மாளிகையைக் கட்டினார், சுற்றிலும் தோட்டம் அமைத்தார், சந்ததியினர் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போய்விட, கடைசிவரை இங்கேயே இருந்த அம்மையாரின் மறைவுக்குப் பின் உறவினர்கள் அதை அரசுக்குக் கொடுத்தார்கள், மக்கள் பூங்கா மலர்ந்தது என்று எழுதியிருக்கிறது. எல்லாம் சரிதான். பிரபு எங்கிருந்தோ வரவழைத்த மரங்களின் பெயர்கூட அதில் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினவர்கள் பெயர் இல்லை. ஊற்றினவர்கள் பெயரைப் பலகையில் போடுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, இங்கே மட்டும் இருப்பதற்கு? கன்னியம்மாள் அந்தப் பலகையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள்.

பக்கிரியின் அப்பா மில் தொழிலாளி. பக்கிரிக்கு மில் சத்தம் பிடிக்கவில்லை. மீசை முளைக்கிற வயதில் மதாம் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமானதும் கன்னியம்மாளையும் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். உள்ளே வந்த முதல் நாள் அவள் பார்த்து அசந்துபோனது மாளிகையை இல்லை, ரோஜாப் பாத்தியை. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, செங்கல் வரப்பு கட்டி, ஏரி வண்டலும் இலைமக்கும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்ட மண். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். அந்தப் பாத்திக்குள் பக்கிரியைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. கல்யாணமாகி வந்த புதுப்பெண் தெரியாமல் ஒரு கால் வைத்துவிட்டாள். மாடியிலிருந்து மதாம் கை தட்டிக் கூப்பிட்டு, "ஏய் பொண், அங்கே காலை எடு" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அதற்குப் பிறகு கன்னியம்மாள் அந்தப் பக்கம் போனதில்லை.

வந்த மறு வருஷம், மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த நேரத்தில், எட்டாம் மாதமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டோ வருவதற்குள் அந்த ஓட்டு அறையிலேயே பிறந்துவிட்டது. பெண். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், பார்த்தார்கள், மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. பெயர் வைக்கவில்லை. தொட்டில் போடவில்லை. அதற்கெல்லாம் நாள் வரவேண்டும், நாள் வரவில்லை. பெயர் வைக்காத குழந்தைக்குப் பந்தல் கிடையாது, சங்கு கிடையாது, கருமாதி கிடையாது. கிராமமாக இருந்தால் கொல்லையில் ஒரு ஓரமாகப் புதைப்பார்கள். டவுனில் கூலிக்காரனுக்கு ஏது கொல்லை? பக்கிரி தயங்கித் தயங்கி மதாமிடம் போய் நின்றார்.

மதாம் அழுதுவிட்டார். நிஜமாகவே அழுதார். பீரோவைத் திறந்து ஒரு சரிகைக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, "பிஜூ பக்கத்திலே வை" என்றார். பிஜூவுக்காகப் பல நாள் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். தன் மனசுக்கு நெருக்கமான இடத்தையே கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தார். அந்தப் பெருந்தன்மையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பக்கிரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை, கன்னியம்மாள் உட்பட.

பெற்றவள் புதைக்கிற இடத்துக்குப் போகக்கூடாது என்பது முறை. அவள் பாயில் கிடந்தாள். பக்கிரி விடியற்காலையில் ஒரு கையில் மூட்டையும் ஒரு கையில் மண்வெட்டியுமாகப் போனார். வெயில் ஏறினபிறகு வந்தார். கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. உள்ளே வந்தவரிடம், "எங்க?" என்று கேட்டாள்.

"நாய்க்கல்லாண்ட."

அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் முடிந்தே இருந்தது.

பால் நிற்கவில்லை. பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த ஆயம்மா, மதாம் தோட்டத்து மல்லிகையையே முறம் நிறையப் பறித்துக்கொண்டு வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். மல்லிகை பாலை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இழுத்துக்கொண்டது. பால் வற்றினபோது அவளுக்குள் வேறு எதுவோ கூடவே வற்றிப்போனதாகக் கன்னியம்மாளுக்குத் தோன்றியது. அழ வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் மரத்துப்போய் இருக்குமே, கிள்ளினால்கூடத் தெரியாது, அந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை, பழகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்துச் செம்மல் பிறந்தான், நல்லபடியாக வளர்ந்தான், இப்போது கம்பெனி வேலையில், வில்லியனூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அந்த வருஷம் ரோஜா பூத்தது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பூத்ததில்லை. மதாமுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கோயிலுக்குக் கொடுத்தார், விருந்தாளிகளுக்குக் கொடுத்தார், கன்னியம்மாளையும் கூப்பிட்டு ஒரு சிவப்பு ரோஜாவைக் கொடுத்தார். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். பக்கிரி அதைக் கூந்தலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அலங்காரம் எதற்கு என்று நினைக்கிறார் போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது ஒரு முள்ளாக உள்ளே தங்கியது. மற்றபடி அவர் கை நீட்டுகிற மனிதர் இல்லை.

மதாமும் போய்ச் சேர்ந்தார். மாளிகை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது, பிறகு வாசலில் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். மாளிகையின் கீழ்த்தளம் பூங்கா ஆபீஸ் ஆனது. பக்கிரியும் கன்னியம்மாளும் முத்தியால்பேட்டையில் ஒரு அறைக்குக் குடிபோனார்கள். அவருக்குத் தோட்ட வேலையும் அவளுக்குப் பெருக்குகிற வேலையும் தொடர்ந்து கிடைத்தன. ரோஜாப் பாத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடல்மணல் கொட்டி ஊஞ்சலும் சறுக்குமரமும் போடப்போகிறார்கள் என்றபோது மட்டும் பக்கிரி பெரிய ரகளை பண்ணினார். வரப்பு மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். ஒரு ரோஜாவுக்கா இந்தக் கூத்து என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். கடைசியில் ஊஞ்சல் கம்பியை இரண்டடி தள்ளி நடச்சொல்லி, நடுகிற வரைக்கும் கூடவே நின்று பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வேறு வேலைக்குப் போனார். பூங்காவுக்குள் அதன்பின் அவர் நுழையவில்லை. அப்புறம் சர்க்கரை வந்து கால்விரல் இரண்டை எடுத்தார்கள், வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

அம்மன் பிறந்த கதை இதற்குப் பிறகு வருகிறது. அதற்கு முழுப் பொறுப்பும் கன்னியம்மாளுடையது. ஒரு வெள்ளிக்கிழமை சருகு பொறுக்கும்போது, உதிர்ந்த பன்னீர்ப்பூவில் நல்லதாக ஒன்றை எடுத்து அந்தக் கல் மேல் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வைத்தது பழக்கமாயிற்று. ஒரு தை மாதத்தில், அந்தக் குளிர் அந்த நாளை ஞாபகப்படுத்தவோ என்னவோ, வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சள் கொண்டுவந்து தடவினாள். மறுநாள் பார்த்தால் மஞ்சளுக்கு மேல் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் எலுமிச்சம்பழம். அடுத்த மாதம் ஒரு விளக்கு. நடைபயிற்சியாளர் சங்கத்துச் செயலாளர் நிர்மலாதேவி, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறையாகச் செய்கிறவர், சிவப்புத் துணி வாங்கி வந்து சுற்றினார். அவர் மகளுக்கு ரொம்ப நாள் கழித்துக் குழந்தை தங்கியது. அவ்வளவுதான், தொட்டில் கட்டுகிறவர்களுக்குக் கிளை போதவில்லை.

"முதல்ல கண்டுபுடிச்சவங்க இவங்கதான்" என்று கன்னியம்மாளை எல்லோருக்கும் காட்டுவார் நிர்மலாதேவி. கன்னியம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் பெருக்கப் போய்விடுவாள். தொட்டில் கிடைக்காத பிள்ளைக்கு மேலே இத்தனை தொட்டில்கள். அதைப் பார்த்தாவது ஏதாவது தோன்றவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். துணி வெளுத்துப்போனவற்றை அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருஷம் பூங்காவைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. பாட்டுக்கு ஏற்றபடி ஆடுகிற நீரூற்று வைக்கப்போகிறார்களாம். மோட்டார் அறையிலிருந்து நீரூற்றுக்குப் போகிற குழாய்க்குப் பள்ளம் எடுக்கவேண்டும். வரைபடத்தில் அந்தப் பள்ளம் நேராக அம்மன் மேலேயே போனது. இளநிலைப் பொறியாளர் நிலவன், சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி, கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிடலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் சங்கத்தார் முழுக்கக் கல்லைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"அம்மனத் தொட்டுப் பாருங்க சார்" என்றார் நிர்மலாதேவி.

நிலவன் கும்பிடு போட்டார். "தொடல மேடம். கல்லு இருந்த எடத்துலயே இருக்கட்டும். குழாய மட்டும் கொஞ்சம் வளச்சிக்கிறோம். வடக்கப் பக்கமாவும் போலாம், தெக்கப் பக்கமாவும் போலாம். ரெண்டடி ஆழந்தான். நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்றதும் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. வடக்கே தோண்டினால் ஆகாது என்றார் ஒருவர், தெற்கு எமன் திசை என்றார் இன்னொருவர். நிர்மலாதேவி கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார்.

"நாம யாரு சொல்றதுக்கு? அம்மனையே கேட்ருவோம். நாளைக்கி வெள்ளிக்கிழம. எலையில பொட்டலமா மடிச்சி பூ போட்டுப் பாக்கலாம். செவப்புப் பூ வந்தா வடக்க, வெள்ளப் பூ வந்தா தெக்க. எடுக்கறது கன்னியம்மா. அவங்கதான் மொதல்ல பூ வச்சவங்க, அவங்க கைதான் எடுக்கணும்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. நிலவனுக்கும் நிம்மதி. பள்ளத்துக்குப் பக்கம் தெரிந்தால் போதும் அவருக்கு. கன்னியம்மாள் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பொட்டலம், இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் அவள் பிள்ளை இருக்கலாம். தன் கையாலேயே ஒன்றை எடுத்து, இங்கே தோண்டு என்று காட்டவேண்டும். கையைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனதும் சோற்றைப் போட்டுப் பக்கிரியின் முன்னால் வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தாய்யா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாய்க்கல்லாண்டன்னு சொன்னியே. எந்தப் பக்கம்?"

எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நேற்றுச் சொன்ன பேச்சைத் தொடர்கிற மாதிரி, டிவியை அணைத்தார்.

"எதுக்கு இப்ப?"

"நாளைக்கி அங்க பள்ளம் எடுக்குறாங்க. வடக்கயா தெக்கயான்னு பூ போட்டுப் பாக்கறாங்களாம். நாந்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, அந்தப் பக்கம் வராத மாதிரி எதனா செய்யலாம். பொட்டலத்த தடவிப் பாத்தாவது எடுக்கலாம்."

"எத வேணா எடு."

"என்னாய்யா பேசற?"

"எத வேணா எடு கன்னி. அங்க இல்ல."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பக்கிரி தன் கால்விரல் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாய்க்கல்லாண்டதான் போனேன். கொஞ்சம் வெட்டவும் வெட்டுனேன். நாயி எலும்பு வந்துடுமோன்னு நெனப்பு வந்துது. மதாம் நல்ல மனசுலதான் சொன்னாங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா எம் பொண்ண நாயி பக்கத்துல போட எனக்கு கை வரல."

"பின்ன எங்க?"

"ரோசாப் பாத்தியில. அப்பதான் கவாத்து பண்ணி மண்ணக் கிளறிப் போட்டிருந்தேன். வெட்டுனாலும் மூடுனாலும் யாருக்கும் தெரியாது. அந்தத் தோட்டத்துலயே அதாண்டி நல்ல மண்ணு. நான் போட்ட மண்ணு."

கன்னியம்மாளுக்குத் தலையிலிருந்து பிடுங்கின ரோஜா ஞாபகம் வந்தது. வரப்பு மேல் உட்கார்ந்து அடம்பிடித்ததும் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தன.

"ஏன் சொல்லல?"

"அப்ப சொன்னா நீ ஓடிப்போயி அந்தப் பாத்தியில உழுந்து அழுவ. மதாம் மாடியிலேந்து பாத்துட்டா? தோண்டி எடுன்னு சொல்லிட்டா? அந்த பயம். அப்புறம் மதாமும் போயிட்டாங்க. சொல்லலாம்னு பாத்தா, நீ அந்தக் கல்லாண்ட செருப்பக் கழட்டிட்டு நிக்கற. அப்புறம் பூ வேற வைக்கறியாம். நான் என்னத்தச் சொல்லுவேன்? இத்தினி நாளா நாயிக்கிப் பூ வச்சிட்டியேன்னா?"

"ஊஞ்ச போட்டாங்களே அங்க."

"கம்பி புள்ள மேல எறங்காம பாத்துக்கிட்டேன். அதுக்குத்தான் அந்த ரகள. ரெண்டு கம்பிக்கும் நடுவுல, பலக தொங்குதே, அதுக்கு நேர் கீழ." நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் எனக்கு உள்ள வர முடியல. பசங்க ஆடுறத பாக்க முடியல."

கன்னியம்மாள் எழுந்து குழம்பைச் சுடவைத்தாள். இத்தனை வருஷமாக ஒரு நாய்க்குச் செருப்பைக் கழற்றியிருக்கிறாள், பூ வைத்து, மஞ்சள் பூசி, அதை ஊருக்கே சாமியாக்கியிருக்கிறாள். சிரிப்பாவது வரவேண்டும். இந்த மனுஷன் மேல் கோபமாவது வரவேண்டும். அடுப்புக்கு முன்னால் நின்று இரண்டில் ஒன்று வருமா என்று பார்த்தாள். குழம்புதான் கொதித்தது.

"ஊத்தட்டா?"

"ஊத்து."

வெள்ளிக்கிழமை காலையில் பன்னீர் மரத்தடியில் நல்ல கூட்டம். நிர்மலாதேவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாழையிலைத் துண்டில் மடித்த இரண்டு பொட்டலங்களைக் கல்லின் முன்னால் உருட்டிப் போட்டு, கன்னியம்மாள் கையில் கற்பூரத் தட்டைக் கொடுத்தார். அவள் காட்டினாள். தோட்டத்தம்மா தாயே என்று சத்தம் எழுந்தது. மஞ்சளுக்கு அடியில் எங்கேயோ பிஜூ என்ற எழுத்து இருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு பெண், கையில் புதுத் தொட்டில் துணியோடு, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பிஜூவுக்கும் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை.

"மனசுல ஒண்ணும் நெனைக்காம எடுங்க கன்னியம்மா" என்றார் நிர்மலாதேவி.

அது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. குனிந்து கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள், செம்பருத்தி. வடக்கு. பெண்கள் குலவையிட்டார்கள். எவ்ளோ தெளிவா எடுத்தாங்க பாருங்க, கை கொஞ்சமாவது தயங்குச்சா என்று நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலவன் ஆட்களைப் பார்த்துச் சைகை காட்டினார், கடப்பாரை மண்ணில் இறங்கியது.

கன்னியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, மாளிகைப் பக்கம் நடந்தாள். ஊஞ்சல் அடியில் எப்போதும் போலப் பள்ளம் விழுந்திருந்தது. பிள்ளைகள் உந்தி உந்தி, நிறுத்துவதற்குக் காலைத் தேய்த்துத் தேய்த்து, தினமும் அங்கே மணல் விலகி ஒரு பள்ளம் ஆகிவிடும். தினமும் காலையில் அவள்தான் திட்டிக்கொண்டே சுற்றியிருக்கிற மணலை விளக்குமாற்றால் தள்ளி அதை மூடுவாள். ஊஞ்சல் போட்ட நாளிலிருந்து மூடிக்கொண்டிருக்கிறாள். இங்கே எத்தனை தரம் வெற்றிலை எச்சில் துப்பியிருப்போம் என்ற நினைப்பு வந்தது. எத்தனை தரம் மூடியிருப்போம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

மணல் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றினாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, ஊஞ்சல் பலகையைச் சங்கிலியோடு கம்பியில் சுற்றி மாட்டிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்தாள். பள்ளத்துக்குள் கையை வைத்தாள். மேல் மணல் காய்ந்து இருந்தது, அடியில் ஈரமாக, சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு உள்ளங்கையில் தெரிந்தது. வெகுநாளாக எதுவும் அப்படித் தெரிந்ததில்லை. கையை எடுக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் போட்டு மூடி, மேலே தடவிச் சமப்படுத்தினாள். கல்லாண்ட வைக்க மறந்துபோன ஒரு பன்னீர்ப்பூ முந்தானையில் முடிந்திருந்தது. அதை மணலுக்குள் அழுத்தி வைத்தாள். மேலே வைத்தால் யாராவது பார்த்துவிட்டு மஞ்சள் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நடக்க வந்த அம்மாவோடு தினமும் வருகிற ஒரு சின்னப் பெண் எதிரே வந்து நின்றது. பெருக்கி முடிக்கிற வரைக்கும் ஊஞ்சலைத் தொட்டால் இந்தக் கிழவி கத்துவாள் என்று அதற்குத் தெரியும். அதனால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது.

"ஆயா, ஆடலாமா?"

கன்னியம்மாள் கம்பியைப் பிடித்து எழுந்து, சுற்றி மாட்டின பலகையை அவிழ்த்து இறக்கிவிட்டாள்.

"ஆடு. செருப்ப மட்டும் கழட்டிட்டு ஆடு."